பெரிய கிராணியின் கன்ட்ரி பாட்டு

சுங்கைப் பட்டாணியில் எங்கள் ஓய்வூதியர் சங்கம் நடத்தும் மதிய விருந்துகளில் பாட்டு இல்லாமல் சாப்பாடு இறங்காது. பிரியாணி வருவதற்கு முன்னால் ஒருவர் பழைய சோகப் பாடல் ஒன்றைப் பாடுவார். பிரியாணி வந்த பிறகு இன்னொருவர் அதே சோகத்தை வேறு சுருதியில் பாடுவார். கரோக்கே திரையில் வரிகள் ஓடும். எழுத்து நிறம் மாறும்போது வாயைத் திறந்தால் போதும், எவரும் பாடகர்தான். அரசாங்க வேலையில் இருந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை வேறு யாரோ முடிவு செய்து கண்முன்னால் காட்டிவிடுகிறார்கள்.

இந்த முறை அந்த வசதி எனக்குக் கிடைக்காமல் போனதற்கு என் நண்பர்தான் காரணம். அவர் செர்டாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்ட அலுவலகத்தின் தலைமைக் குமாஸ்தாவுக்கு எங்கள் ஊரில் அதுதான் பட்டம். வேலை முடிந்து பல வருடம் ஆகியும் பட்டம் அவரை விடாமல் பட்டணம் வரை கூடவே வந்துவிட்டது. மனிதருக்கு அமெரிக்கக் கன்ட்ரி இசை என்றால் உயிர். குதிரையை அவர் பார்த்ததெல்லாம் பினாங்குப் பந்தய மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்றுதான். ஆனாலும் அகல விளிம்புத் தொப்பி ஒன்று வைத்திருக்கிறார். கித்தாரை எடுத்தால் தொப்பியும் தலைக்கு வந்துவிடும்.

ஒரு நாள் காலை அந்தத் தொப்பியோடு எங்கள் வீட்டு வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தார். அரசாங்க ஆளாக இருந்தவன் என்று என்னை மலாயில் 'துவான்', ஐயா, என்றுதான் கிண்டலாகக் கூப்பிடுவார்.

"துவான், பாட்டு ஒண்ணு கட்டியிருக்கேன். வார்த்தை தமிழு, மெட்டு கன்ட்ரி. ஒருத்தன் தன்கிட்ட இருக்கற கொறையெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லிட்டு, இப்படித்தான்லா நான்னு நிக்கிறான். விருந்துல நான் வாசிக்கிறேன், நீ பாடற."

"ஏன் நான்? கொறை உள்ள ஆளு நம்ம சங்கத்துல நெறைய பேரு இருக்காங்களே."

"அதனாலதான்யா. அவனுங்க பாடுனா வாக்குமூலம். நீ பாடுனாத்தான் தமாஷ்."

பாடிக் காட்டினார். கித்தார் குதிரை நடையில் ஓடியது.

*காலையில எழுந்தா சிடுசிடுப்பு,*
*காப்பி ஆறுனா கடுகடுப்பு,*
*அடுத்தவன் சொன்னா காதடைப்பு,*
*நானே சொன்னா அது சிரிப்பு.*

*நிரை தப்பி மொளைச்ச மரம் நானு,*
*நேரா நில்லுன்னா எப்படி நிப்பேன்?*
*வெட்டணும்னா வெட்டிக்க தம்பி,*
*இல்லன்னா இங்கேயேதான் இருப்பேன்.*

தோட்டத்தில் மரங்களை நேர்வரிசையில்தான் நடுவார்கள். வரிசை தப்பி நிற்கும் மரம் கிராணியின் கணக்குக்கு எப்போதும் தொல்லை. அப்படிப்பட்ட மரத்துக்காக ஒரு கிராணியே பாட்டெழுதியிருந்தார். நான் அதைச் சொல்லிப் பாராட்டவில்லை. எனக்குக் கருத்தளவிலேயே இந்தப் பாட்டோடு உடன்பாடில்லை. நான் நில அலுவலகத்தில் வேலை செய்தவன். எங்களிடம் பிழை என்றால் ஒரு கோடு கிழித்து, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். பிழையை மடியில் உட்காரவைத்துத் தாலாட்டுவது எந்த நடைமுறையிலும் இல்லை.

"நம்ம மெஷின்ல இந்தப் பாட்டு இருக்காதே. வரி எங்க ஓடும்?" என்று கேட்டேன்.

"ஒன் மண்டையில ஓடும். கௌபாய் எவனாச்சும் கையில பேப்பர் புடிச்சிப் பாடுவானா?"

அப்போதே முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் என் மனைவி சமையலறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றாள். அவள் கித்தாரையோ தொப்பியையோ பார்க்கவில்லை. நான் என்ன பதில் சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்வைக்குக் காரணம் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் மனு, பட்டா, பெயர் மாற்றம், ஓய்வூதியம் என்று எது நடக்க வேண்டுமானாலும் ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். அலுவலகத்தில் எந்தக் கவுண்டர் முகப்பில் தொடங்கி எந்த முகப்பில் முடிப்பது என்று நான் சொல்வேன். அவர்கள் போய் முடித்துக்கொண்டு வருவார்கள். சில மாதங்களுக்கு முன் புக்கிட் செலம்பாவிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கணவர் இறந்துவிட்டார், சிறிய ரப்பர் நிலம் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது, எங்கே போவது என்று கேட்டார். அலோர் ஸ்டாரில் இருக்கும் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னேன். அவரும் மகனுடைய மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து, வெயிலில் அவ்வளவு தூரம் போய்வந்தார்.

"அண்ணே, அங்க எடுக்க மாட்டோம்னுட்டாங்க. இந்த மாதிரி சின்ன நெலமெல்லாம் அந்தந்த ஊரு நில ஆபீசுலயே பாத்துக்குவாங்களாமே" என்றார். குரலில் கோபமே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அந்த வேலையைத்தான் நான் பணியில் இருந்த காலமெல்லாம் செய்தேன். இறந்தவர்களின் சிறு சொத்துகளைப் பிரித்துக் கொடுக்கும் விசாரணைகள் என் மேசையில்தான் நடந்தன. பூசாரிக்குச் சன்னதி எந்தத் திசை என்று மறந்துபோனது போல. அந்த அம்மாளிடம், நீதிமன்றத்தில் இருப்பவர்களுக்கு விவரம் போதாது என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பினார். மனைவி நம்பவில்லை.

அன்றிலிருந்து அவள், "ஒரு நடை கிளினிக் போயி காட்டிட்டு வந்திடலாமே" என்று சொல்லத் தொடங்கினாள். முதல் தடவை, பள்ளி விடுமுறையில் கூட்டமாக இருக்கும் என்றேன். அடுத்த தடவை, மருத்துவர் மாறுகிற சமயம், புதியவர் வந்து அமரட்டும் என்றேன். அதற்கடுத்து, இதற்கெல்லாம் முதலில் இரத்தப் பரிசோதனை முடிவு வேண்டும், அதற்குத் தனி வரிசை, அதற்கு முன்பதிவு என்று ஒரு முழு நடைமுறையையே உண்டாக்கி அவள் முன்னால் வைத்தேன். நடைமுறை தெரிந்தவன் எதையும் தாமதப்படுத்தலாம். இதை என் உதவியாளர்கள் என்னிடம் கற்றார்களா, நான் அவர்களிடம் கற்றேனா என்று இப்போது சொல்வது கடினம்.

கிராணி போன பிறகு அவள் கேட்டாள்.

"பாடப் போறீங்களா?"

"பாடுனா என்ன?"

"ஒண்ணுமில்ல. முழுசா மனப்பாடம் பண்ணி, அன்னிக்குத் தப்பில்லாம பாடிட்டீங்கன்னா, நான் கிளினிக் பேச்ச எடுக்கவே மாட்டேன்."

"எழுதித் தரவா, கையெழுத்துப் போடறியா?"

"வாயால சொன்னா போதும். எனக்கு ஞாபகம் இருக்கும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

இப்படி ஒரு கோமாளிப் பாட்டு எனக்குத் தேர்வாகிவிட்டது. பள்ளிக்கூடத்திலும் துறைத் தேர்வுகளிலும் நான் எதற்கும் பயந்ததில்லை. இதற்குப் பயந்தேன். பாட்டில் மூன்று பத்திகள், நடுநடுவே நிரை தப்பிய மரம். குழந்தைகூட இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிடும். நான் காலையில் சொல்லிப் பார்த்தால் சரியாக வரும். மதியம் காரை எடுக்கும்போது இரண்டாம் பத்தி கழன்று போயிருக்கும். குளிக்கும்போது முணுமுணுப்பேன். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது முணுமுணுப்பேன். பாசாரில் மீன்காரர் எனக்குச் சில்லறை தராமல், "என்னா சார், கோபமா?" என்று கேட்ட பிறகுதான் உதட்டசைவு வெளியே தெரிகிறது என்று புரிந்தது.

மறதியைவிட அதைச் சோதித்துக்கொண்டே இருப்பதுதான் ஆளைத் தின்றது. சாவியை எங்கே வைத்தேன் என்று ஒரு கணம் தயங்கினால், இது எல்லோருக்கும் வரும் தயக்கமா, என்னுடையதா என்று நின்று யோசிப்பேன். யோசித்து முடிக்கும்போது எதற்காகச் சாவியைத் தேடினேன் என்பது போயிருக்கும். வீட்டில் எதைச் சொன்னாலும் அதை முன்பே ஒரு தடவை சொல்லியிருக்கிறேனா என்று அவள் முகத்தில் தேடினேன். அவள் முகத்தை நன்றாகப் பழக்கிவைத்திருந்தாள். ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தேன். சொத்துப் பிரிக்கும் நடைமுறையில் ஒவ்வொரு கட்டமாகப் பாட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். மனு பெறுதல் முதல் கட்டம்: அதில் சிடுசிடுப்பும் காப்பியும். வாரிசுகளுக்கு அறிவிப்பு அனுப்புவது இரண்டாவது: அதில் மனைவி பேசும்போது 'ம்' கொட்டிவிட்டு, பிறகு என்ன சொன்னாய் என்று கேட்கும் புருஷன். மூன்றாவது கட்டம் விசாரணை. வாரிசுகள் எல்லோரும் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நான் மலாயில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, புரியாமல் விழிப்பவர்களுக்காகத் தமிழிலும் ஒரு தடவை கேட்பேன். அந்த இடத்தில் பழைய சண்டைகளைப் பெட்டியில் பூட்டிவைக்கும் மூன்றாம் பத்தியை வைத்தேன். பொருத்தமாகவும் இருந்தது. எல்லா விசாரணையிலும் யாராவது அந்தப் பெட்டியைத் திறப்பார்கள்.

வழி பலித்தது. விருந்துக்கு முந்திய வாரம் முழுக்க ஓர் அடியும் தவறவில்லை. கிராணி வந்து கேட்டுவிட்டு, "என்னய்யா இது, உத்தரவு வாசிக்கிற மாதிரியே பாடற. ஆனா அதுவும் ஒரு ஸ்டைல்தான்" என்றார். மனைவி சமையலறையில் நான் பாடப் பாட மெல்லத் தானும் பாடிக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு அவளுக்கே மனப்பாடமாகிவிட்டது.

விருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம். வட்ட மேசைகள், பிளாஸ்டிக் விரிப்பு, வேலை செய்யாத மின்விசிறிக்கு நேர் கீழே எங்கள் மேசை. எனக்கு முன்னால் பாடியவர் திரையைப் பார்த்துப் பாடியும் இரண்டு இடத்தில் தப்புவிட்டார். ஒருவரும் கவனிக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குத் திரையே இல்லை.

கிராணி தொப்பியைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். முதல் பத்தி வந்தது. காப்பி ஆறுவதைச் சொன்னபோது என் பழைய அலுவலகத்து ஆட்கள் உட்கார்ந்திருந்த மேசையில் பெரிய சிரிப்பு. மரம் வந்தது. இரண்டாம் பத்தி வந்தது. பெண்கள் பக்கம் கைதட்டல். மறுபடி மரம். பிறகு விசாரணைக் கட்டத்துக்குள் நுழைந்தேன்.

மேசை இருந்தது. நாற்காலிகள் இருந்தன. வாரிசுகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அங்கே வைத்த பத்தியைக் காணவில்லை. பெட்டி, பூட்டு, சண்டை என்று இங்கே எழுதும்போது தெரிகிறது. அங்கே ஒன்றுமில்லை. கிராணி ஒரு சுற்றுக் கூடுதலாக வாசித்தார். இன்னொரு சுற்றும் வாசித்தார். மனைவியைப் பார்த்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. மூன்றாம் பத்தியின் முதல் வரியை அவள் மேசையிலிருந்தே எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

அப்போது என் வாய் தானாகத் திறந்து, தாளம் பிசகாமல், குதிரை நடையிலேயே பாடியது:

*வாரிசு எல்லாரும் வந்தாச்சா?*
*வரிசையா ஒக்காந்து கேளுங்க,*
*ஆட்சேபம் ஏதும் இருந்தாக்கா*
*அஞ்சாம இப்பவே கூறுங்க.*

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. அங்கே இருந்தவர்களில் பலர் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், அல்லது உட்கார்ந்தவர்களின் சம்பந்திகள். அந்தக் கேள்வியை என் வாயால் கேட்டவர்கள்.

"ஆட்சேபம் இருக்கு சார்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "பேனா எரவல் கேட்டா மூடியக் கழட்டி வெச்சிக்கிட்டுத்தான் குடுப்பீங்க!"

"எனக்கும் இருக்குலா! எங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகைய திருத்தி, செவப்பு மையில திருப்பிக் குடுத்தவரு இவரு!"

"போன் எடுத்தா ஹலோ கெடையாது, சுருக்கமா சொல்லுங்கம்பாரு!"

"மொதல்ல அந்த ஆள சிரிக்கச் சொல்லுங்கய்யா!"

ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் கிராணி கித்தாரில் ஒரு தட்டுத் தட்டினார். சிரித்துச் சிரித்து அவர் தொப்பி பின்னால் சரிந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். கிண்டலையெல்லாம் முகம் கோணாமல் வாங்கிக்கொள்ளும் பெரிய மனிதனாக என்னை நினைத்திருப்பார்கள். நான் சிரிக்கவில்லை என்பதும் நகைச்சுவையில் சேர்ந்துவிட்டது.

மனைவிக்குப் பக்கத்தில் இருந்த ஓய்வு பெற்ற மருத்துவமனைத் தாதி, "அக்கா, கட்டிக்கிட்டவங்க நீங்க. ஒங்களுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லியா?" என்று உரக்கக் கேட்டார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. அவள் கண் என் மேலேயே இருந்தது. அந்த மண்டபத்தில் சிரிக்காதவர்கள் நாங்கள் இருவர்தான்.

மரத்தைக் கடைசியாக ஒரு தடவை கூட்டமே சேர்ந்து பாடி முடித்தது. மேடையிலிருந்து இறங்கியதும் கிராணி என் தோளில் குத்தினார்.

"எங்கய்யா புடிச்ச அந்த அடிய? நான் எழுதினத விட நல்லாருக்கு. இனிமே அப்படியே வெச்சிக்கலாம்."

அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் கட்டிய பாட்டு முழுக்க அதைத்தானே கேட்கிறது. ஆனால் சிடுசிடுப்பையும் ஆறிய காப்பியையும் சபையில் வைப்பது எளிது. அவை எல்லோரும் பார்த்துச் சிரிக்கக்கூடிய குறைகள், சொல்பவனுக்குக் கொஞ்சம் பெருமைகூடச் சேர்க்கும். மண்டபமே என் குறைகளை அள்ளி எடுத்து அணைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், உண்மையான குறை மட்டும் என்னோடு தனியாக நின்றது. "சும்மா தோணிச்சு" என்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் இறால் சம்பலில் காரம் குறைவு என்று சொன்னாள். நான் பொறுத்துப் பார்த்தேன்.

"பாட்டு நல்லா எடுபட்டுச்சு."

"ஆமா."

"அந்த எடத்துல கொஞ்சம் மாத்திப் பாத்தேன்."

"ம்."

"நீ ஒண்ணும் சொல்லலியே."

"பாடிட்டா பேச்ச எடுக்க மாட்டேன்னுதானே சொன்னேன். எடுக்கல."

"தப்பில்லாம பாடினேன்னு ஒத்துக்கறியா?"

"ஊரே ஒத்துக்கிச்சே. நான் தனியா என்ன சொல்றது?"

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். திங்கட்கிழமை பேச்சில்லை, அதற்கடுத்த நாட்களிலும் இல்லை. கிளினிக் என்ற சொல்லே எங்கள் வீட்டிலிருந்து குடிபெயர்ந்துவிட்டது. எனக்கு வேண்டியது இதுதான். அவள் தொந்தரவு செய்தவரை, தள்ளிப்போடுவது எனக்கு ஒரு வேலையாக இருந்தது. அவள் நிறுத்தியதும் தள்ளிப்போட ஒன்றும் இல்லை, மறதி மட்டுமே இருந்தது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நான் பாடிய காணொளி சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்களைப் போட்டிருந்தார்கள். நான் அதை ஒரு தடவை பார்த்தேன். அந்த இரண்டு சுற்றுக் கித்தாரில் என் முகம் எப்படி இருந்தது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. தெரிந்தவர் பார்த்தால் தெரியும்.

அந்த வாரத்திலேயே புக்கிட் செலம்பாவ் அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார். நில அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டதாகவும், அடுத்து என்ன நடக்கும் என்றும் கேட்டார். எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். சொல்ல வாயெடுத்தபோது, இது சரியா என்று சொல்ல எனக்குள் யாருமில்லை என்று பட்டது. "அங்க முகப்புலயே கேளுங்கம்மா. அவங்க சொல்றதுதான் சரி" என்றேன். என் வாழ்க்கையில் நான் ஒருவரிடமும் சொல்லாத வாக்கியம் அது.

தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கிளினிக்குல நம்பர் எடுக்கணும்னா காலையில எப்ப போகணும்?" என்று கேட்டேன்.

கத்தி நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சீக்கிரம் போனா நல்லது. பசியாறிட்டே போயிடலாம்" என்றாள்.

மருத்துவர் எங்கள் மகள் வயதுடைய மலாய்ப் பெண். கூட வந்தவர் வெளியே இருக்கலாமா என்று செவிலியர் கேட்டபோது, உள்ளேயே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். வரிசையில் காத்திருந்த நேரமெல்லாம் நான் ஓர் அறிக்கை தயார் செய்து வைத்திருந்தேன்: வயதுக்கேற்ற இயல்பான மறதி, முன்னெச்சரிக்கையாக ஒரு பரிசோதனை, மற்றபடி குறைவில்லை. நல்ல மலாய், அரசாங்க மலாய். என்ன பிரச்சினை ஐயா என்று மருத்துவர் கேட்டார்.

"எனக்கு மறந்துபோகிறது" என்றேன்.

அதற்கு மேல் அறிக்கை வரவில்லை. மருத்துவர் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்த பிறகுதான் பேசத் தொடங்கினாள். அவள் மலாய் பாசாரில் பேசுகிற மலாய்தான், ஆனால் எந்த இடத்திலும் தயங்கவில்லை. பூட்டாமல் விட்ட முன்வாசல். ஒரே விருந்தாளியிடம் ஒரே கதையை, அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் மறுபடி சொன்னது. துக்க வீட்டுக்குப் போகக் கிளம்பி, பழைய அலுவலகத்து வாசலில் காரை நிறுத்தி, இறங்கப் போனது. மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு, மாலையில் திரும்பவும் சொன்னது. மகள் இரண்டு தடவையும் நன்றி சொன்னாளாம்.

சில எனக்கு நினைவிருந்தன. சில வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போல இருந்தன. எவ்வளவு காலமாக இதையெல்லாம் தனியாகச் சேர்த்துவைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. மருத்துவர் எழுதிக்கொண்டே போனார். நாற்காலியை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, மிச்சத்தையும் கேட்கத் தொடங்கினேன்.